புதுப்பிப்பு: ஆயா வீட்டில் இணையம் வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஆயா வீட்டுக்கு ஃபைபர் வந்து, புது ரவுட்டரும் மாட்டியாயிற்று, வைஃபை தெரிகிறது, ஆனால் ‘இணையம் இல்லை’ என்றே வருகிறது, என்ன செய்வது என்று. இப்போது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேபிளில் தப்பில்லை. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயர், ரவுட்டரில் ‘வான்’ (WAN, வெளியிலிருந்து இணையம் உள்ளே வரும் இடம்) என்று எழுதிய போர்ட்டில்தான் இருந்தது. கோளாறு செட்டிங்கில். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் இணைப்பு வகை ‘டைனமிக் ஐபி’, அதாவது பயனர்பெயர் கேட்காமல் தானாக இணைவது. எங்கள் இணைப்புக்கு வேண்டியது பிபிபிஓஇ (PPPoE), அதாவது இணைய நிறுவனம் தந்த பயனர்பெயர், கடவுச்சொல் போட்டு இணைவது. மாற்றி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டேன். அப்போதும் ஆரஞ்சு விளக்குதான். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்த பயனர்பெயரின் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து வந்திருந்தது. அதை அழித்துச் சேமித்தேன், அரை நிமிடத்தில் விளக்கு பச்சையானது. ஆயா உடனே ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மாமாவை வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். ஆயா முகத்தைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றன. எம்டியு (MTU, ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின், அதாவது பாக்கெட்டின், அதிகபட்ச அளவு) 1500 பைட் என்று இருந்தது. பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்ளும் என்பதால் 1492 ஆக்கினேன், தீர்ந்தது.

லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) நேரத்திலும் இணையம் ஓட என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ரவுட்டருக்கு மட்டும் பேட்டரி போதாது, ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். நான் இரண்டையும் ஒரே சின்ன யுபிஎஸ்ஸில் (மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து கொடுக்கும் பெட்டி) மாட்டியிருக்கிறேன். யுபிஎஸ்ஸும் அதே வோல்ட் தர வேண்டும் என்பதால், வாங்கும் முன் இரண்டு அடாப்டரிலும் எத்தனை வோல்ட் போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள்.