புதுப்பிப்பு: நீலகிரி ரயில் இறங்கும்போது எப்படி நிற்கிறது?

மேட்டுப்பாளையம்–குன்னூர் நீராவி இன்ஜின் ஏன் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "ஏறுவது சரி, இறக்கத்தில் எப்படிப் பிடித்து நிறுத்துகிறார்கள்?" என்று கேட்டவர்களுக்காக இது.

மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு நிலையத்துக்கு மேல் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவி மேலே உள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் போய், தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்தண்டைப் பிடித்து ஏறும் பல்சக்கரங்களைச் சுழற்றும். இறங்கும்போது அதே சிலிண்டர்கள் காற்றை உறிஞ்சி அழுத்தும் பம்பாக மாறிவிடுகின்றன. அந்த எதிர் அழுத்தம்தான் வண்டியைப் பிடித்து வைக்கிறது. சிலிண்டர் சூடேறாமல் இருக்கத் தண்ணீரையும் உள்ளே விடுவார்கள். இதனால் பிரேக் கட்டைகள் தேய்ந்து கருகுவதில்லை. எனக்கு இந்த இன்ஜினிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

அது மட்டும் போதாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்மேன் நிற்பார். விசில் கேட்டதும் கையால் பிரேக் போடுவார்.

வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பாருங்கள். எண்ணெய்க் குவளையோடு ஊழியர் இணைப்புத் தண்டுகளைச் சுற்றி வருவார், தண்டு சுழலும் தாங்கியில் (பேரிங்) புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

இந்த இன்ஜின்களுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலைக்கும் பதில் உண்டு: திருச்சி பொன்மலைப் பணிமனை 2021இல் நிலக்கரியில் ஓடும் புது எக்ஸ் இன்ஜினையே கட்டி முடித்தது.