பச்சைப்புழு புத்தகமும் கறிவேப்பிலைச் செடியும்: வாசித்தவர்கள், வளர்த்தவர்கள் சொல்வது

மயிலாப்பூரிலிருந்து

எரிக் கார்லின் ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ என்ற குழந்தைகள் படப் புத்தகம் 1969-இல் வந்தது. ஒரு கட்டுத் தாளில் துளைபோட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது. முதலில் அவர் நினைத்தது புத்தகம் அரிக்கும் புழுவை, அதாவது நம்மூர் ராமபாணத்தை. பதிப்பாசிரியர் ஆன் பெனெடூஸ் சொன்ன பிறகுதான் அது பட்டாம்பூச்சியாகப் போகும் புழுவாக மாறியது. பக்கத்துக்குப் பக்கம் துளையும் அகலமும் மாறுவதால் அமெரிக்காவில் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட முடியவில்லை. முதல் பதிப்பு ஜப்பானில் அச்சானது.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டைப் பதிப்பையே வாங்குங்கள். குழந்தை துளைக்குள் விரலை விட்டு இழுக்கும்; தாள் பதிப்பு அங்கேதான் கிழியும். கதையில் புழு தின்பது திங்களன்று 1 ஆப்பிள், பிறகு 2 பேரிக்காய், 3 பிளம்ஸ், 4 ஸ்ட்ராபெர்ரி, வெள்ளியன்று 5 ஆரஞ்சு: ஆக 15 பழம். ஆப்பிள் பக்கம்தான் குறுகலானது. அதைத் தனியாகப் பிடித்துத் திருப்பினால் மடிப்பில் விட்டுப்போகும். கூட்டமாக வாசிப்பதானால் எட்டுப் பத்துக் குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது வரிசைக்கே துளை தெரியாது.

தமிழில் சொல்லும்போது ‘கம்பளிப்பூச்சி’ என்று சொல்லாதீர்கள். அரிக்கும், கிட்டப் போகாதே என்று வீட்டில் சொல்லி வளர்த்த குழந்தை அந்த ஒரு சொல்லிலேயே பின்வாங்கிவிடும். ‘பச்சைப்புழு’ போதும்.

பெரம்பூரிலிருந்து

புத்தகத்தோட ஒரு கறிவேப்பிலைத் தொட்டியையும் பக்கத்துல வைங்க. எலுமிச்சைப் பட்டாம்பூச்சி கொழுந்துல மஞ்சளா உருண்டையா ஒவ்வொரு முட்டையா வைக்கும். முட்டை பொரிய மூணு நாலு நாள், புழுவா ரெண்டு வாரம், கூட்டுப்புழுவா எட்டு முதல் பத்து நாள். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். தெரியாம துடைச்சுப் போட்டுடாதீங்க. கடைசித் தோல் உரிச்ச பிறகுதான் பச்சை. தொட்டா தலைக்குப் பின்னாடி கவை மாதிரி ஒரு கொம்பு நீட்டி நாத்தம் அடிக்கும். கொட்டாது, பயம் வேண்டாம்.

ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலுக்கு ரெண்டு புழு. வாயில் பழைய வேட்டித் துணி கட்டுங்க. மூடி போட்டா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சென்னைப் புழுக்கத்துல ஒரே நாள் போதும். கிளையைத் தண்ணிக் குப்பியில வைக்கிறதா இருந்தா கழுத்தைப் பஞ்சால அடைங்க, இல்லாட்டி புழு உள்ளே இறங்கி மூழ்கிடும். எச்சத்தைத் தினம் எடுக்கணும். கடையில வாங்கின கறிவேப்பிலை மட்டும் கூடவே கூடாது. அதுல மருந்து அடிச்சிருப்பாங்க, எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது, புழு சுருண்டு செத்துடும்.

ஒருநாள் புழு சாப்பாட்டை நிறுத்திட்டு, தண்ணியா கழிஞ்சு, சுத்திச் சுத்தி ஓடும். நோயில்லை, கூட்டுப்புழுவாகத் தயாராகுது. சாய்வா ஒரு குச்சி வைங்க. இடுப்புல அரைஞாண் கட்டின மாதிரி ஒரு நூல் போட்டுக்கிட்டு அசையாம நிக்கும், மறுநாள் தோல் உரியும்.

இங்கதான் புத்தகத்துல ஒரு பிழை. அதுல புழு கூடு கட்டி உள்ளே போகுது. அப்படிப் பட்டுக்கூடு கட்டுறது அந்துப்பூச்சி வகை. பட்டாம்பூச்சிக்குப் பழைய தோலுக்கு அடியிலேயே கூட்டுப்புழு தயாராகியிருக்கும். படத்தையும் குச்சியையும் மாத்தி மாத்திக் காட்டினா குழந்தையே கண்டுபிடிச்சுடும். நீங்க முந்திக்காதீங்க!

வெளியே வந்ததும் இறக்கை தொங்கி விரிய இடம் வேணும். சுத்தி நாலு விரல்கடை இடமாவது விடுங்க. இல்லாட்டி மடங்கினபடியே காய்ஞ்சு பறக்கவே முடியாது. கூட்டுப்புழுவுல சின்ன ஓட்டை இருந்து பட்டாம்பூச்சி வரலேன்னா, ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து போயிருக்கு. முட்டையா இருக்கும்போதே உள்ளே எடுத்தா இது குறையும்.

அண்ணா நகரிலிருந்து

புத்தகத்தில் இருப்பதுபோல ஒட்டுப் படம் செய்ய நினைப்பவர்களுக்கு: கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் அக்ரிலிக் வண்ணம் பூசி, காயவைத்து, வெட்டி ஒட்டினார். வாட்டர் கலரில் செய்தால் பசை பட்டதும் நிறம் கரைந்து ஓடும். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். பசைக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மைதா போட்டு, சிறு தீயில் கூழாகும்வரை கிளறுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும், வெளியே வைத்தால் மறுநாளே புளிக்கும். பசையை மெல்லிசாகத் தடவுங்கள். கனமாகப் பூசினால் தாள் சுருங்கும், காயாத இடத்தில் பூஞ்சையும் வரும்.

தாம்பரத்திலிருந்து

பெரம்பூர் நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காலி மனைகளில் இருக்கும் எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு ஒரு புழு இருக்கும். அது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. இதன் கூட்டுப்புழு அரைஞாண் இல்லாமல் தலைகீழாகத் தொங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் எருக்குக்குப் பதில் கறிவேப்பிலை போட்டால் இது பட்டினி கிடந்தே சாகும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலை பறிப்பது பெரியவர்கள் வேலை. பால் வடிய விட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையின் பக்கம் வாருங்கள்.