எஸ்3 பேக்கப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் ரீஸ்டோர் ஆகவில்லை, அவசரம்

உம்கேனி_கரை (சனி, காலை 6.52)
நேத்து மதியம் ஒரு டெலீட் ஸ்கிரிப்ட் தப்பா ஓடி ஆர்டர் டேபிள்ல பாதி போயிடுச்சு. பேக்கப் எல்லாம் எஸ்3-ல (அமேசானோட கிளவுட் ஸ்டோரேஜ்) இருக்கு. எறக்கி, விரிச்சு ஸ்டார்ட் பண்ணா போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உடனே விழுந்துடுது. திங்கள் காலைக்குள்ள வேணும். யாராவது சொல்லுங்க.

பெனோனி_அக்கா (7.05)
எந்தப் பதிப்பு? பேக்கப், டேட்டாவைக் கட்டளையா எழுதி எடுக்கிற பிஜி_டம்ப்பா, டேட்டா ஃபோல்டரையே நகல் எடுக்கிற பேஸ் பேக்கப்பா? லாக்கில் கடைசி வரிகள் என்ன? ரீஸ்டோர் எந்த மெஷினில் நடக்குது? பழைய சர்வர் மேலேயே செய்யுறதா இருந்தா இப்பவே நிறுத்து தம்பி. மிச்சம் இருக்கிற பாதியும் போயிடும்.

மேசைமலை (7.11)
பக்கெட் (எஸ்3-ல ஃபைல் இருக்கிற இடம்) கேப் டவுன் ரீஜனிலோ (அமேசானின்ர அந்த ஊர் டேட்டா சென்டர் தொகுதியிலோ)? அது 2020-ல் வந்த ரீஜன், அக்கவுண்டில் நாங்களாத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். பொது எஸ்டிஎஸ் (தற்காலிக அனுமதி டோக்கன் தாற சேவை) முகவரியில எடுக்கிற பழைய வகை டோக்கன் அங்க செல்லாது. அந்த ரீஜனுக்குரிய முகவரியில டோக்கன் எடுத்துப் பாருங்கோ.

பெனோனி_அக்கா (7.14)
டோக்கன் செல்லலைன்னா ஒரு ஃபைல்கூட இறங்காதே. இவர் எறக்கி விரிச்சிருக்கார்.

பழைய_டிபிஏ (7.30)
ஒரு தடவைகூட ரீஸ்டோர் செய்து பார்க்காமல் "பேக்கப் இருக்கு" என்று எழுதுபவர்களை வாரம் ஒருவரையாவது இங்கே பார்க்கிறேன். ஆவணத்தைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. டேட்டா டைரக்டரியில் ரெகவரி.கான்ஃப் எழுதி அதில் ரீஸ்டோர்_கமாண்ட் (ஆர்க்கைவ் ஃபைலைக் கொண்டுவரும் கட்டளை) கொடு. அவ்வளவுதான்.

பெனோனி_அக்கா (7.33)
அண்ணா, பதிப்பு 12-லிருந்து ரெகவரி.கான்ஃப் கிடையாது. அந்த ஃபைல் இருந்தாலே சர்வர் ஸ்டார்ட் ஆக மறுத்துடும். ரீஸ்டோர்_கமாண்ட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃபில் போகணும், ரெகவரி.சிக்னல்னு ஒரு காலி ஃபைல் வைக்கணும். தம்பி, பதிப்பைச் சொல்லாம அதைத் தொடாதே.

உம்கேனி_கரை (8.02)
சாரி. பதிப்பு 15. புது மெஷின்லதான் பண்றேன், பழையது ஓடிட்டுதான் இருக்கு. மாசம் 1-ஆம் தேதி பிஜி_பேஸ்பேக்கப் (எக்ஸ் நன் போட்டு, அதாவது வால் இல்லாம), அதுக்கப்புறம் வால் ஃபைல் (ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற பதிவு) எல்லாம் ஆர்க்கைவ் ஆகுது. ரெகவரி.சிக்னல் வச்சிருக்கேன். ரீஸ்டோர்_கமாண்ட், எறக்கின ஃபோல்டர்லேர்ந்து சிபி (காப்பி) பண்ற மாதிரி. லாக்ல வர்றது: தேவையான செக்பாயிண்ட் ரெக்கார்ட் கிடைக்கலை. கீழயே, பேக்கப்_லேபிள் ஃபைலை (ரெகவரி எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்றது) நீக்கிப் பாருன்னு ஒரு குறிப்பும் இருக்கு. எடுத்துடலாமா?

பெனோனி_அக்கா (8.06)
எடுக்காதே! அந்தக் குறிப்பை முழுசாப் படி: பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்யாதவங்களுக்குத்தான் அந்த யோசனை. பேக்கப்பிலிருந்து வர்றவங்க அதை எடுத்தா கிளஸ்டர் கெட்டுப்போகும்னு அதுலயே எச்சரிக்கை இருக்கு. ஸ்டார்ட் ஆன மாதிரி தெரியும், உள்ளே இண்டெக்ஸும் டேபிளும் ஒத்துப்போகாது.

பேக்கப்_லேபிளைத் திறந்து முதல் வரியில் எந்த வால் ஃபைல் பேர் இருக்குன்னு பாரு. அந்த ஃபைல் உன் ஃபோல்டரில் இருக்கா?

மேசைமலை (8.10)
அப்லோடே உடைஞ்சிருக்கலாம். பேஸ் ஃபைலின்ர எம்டி5-ஐ (உள்ளடக்கத்தில இருந்து கணக்கிடுற அடையாள எண்) எஸ்3 காட்டுற ஈடேக்கோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

பெனோனி_அக்கா (8.13)
பெரிய ஃபைல் துண்டு துண்டா மேலே போயிருக்கும். அப்போ ஈடேக் கடைசியில் ஒரு கோடும் துண்டு எண்ணிக்கையும் இருக்கும், அது முழு ஃபைலின் எம்டி5 இல்லை. ஒத்துப்போகலைன்னு பயந்துடக் கூடாது.

உம்கேனி_கரை (8.31)
லேபிள்ல இருக்கிறது 000000010000002400000071. ஃபோல்டர்ல முதல் ஃபைலே 000000010000003000000019 தான். எஸ்3 கன்சோல்ல பாத்தா எல்லாம் இருக்கு! சிங்க் (எஸ்3-லேர்ந்து ஃபைல் எறக்குற கமாண்ட்) பண்ணப்ப எரரே வரலையே. கொயட் ஆப்ஷன் (செய்தி எதுவும் காட்டாம ஓட்டுறது) போட்டிருந்தேன்.

பெனோனி_அக்கா (8.44)
பிடிபட்டுச்சு. முதல் எட்டு இலக்கம் டைம்லைன் (டேட்டாபேஸ் வரலாற்றின் கிளை எண்). கடைசி எட்டு 00-லிருந்து எஃப்எஃப் வரை போய்த் திரும்பவும் 00 ஆகும்போது நடு எட்டு ஒண்ணு ஏறும். ஒரு சுற்றுக்கு 256 ஃபைல், ஒண்ணு 16 எம்பி, ஆக 4 ஜிபி. 24-ல் 71-லிருந்து 30-ல் 18 வரைக்கும் ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) கணக்குப் போட்டா 2,984 ஃபைல், சுமார் 47 ஜிபி உனக்கு வரலை.

கன்சோலில் அந்தப் பழைய ஃபைல் ஒண்ணோட ஸ்டோரேஜ் கிளாஸைப் பாரு. வால் ஃபோல்டருக்கு லைஃப்சைக்கிள் ரூல் (பழைய ஃபைலைத் தானா இடம் மாத்துற விதி) போட்டு, ஏழு நாளானதை கிளேசியர்ங்கிற மலிவான, உடனே எடுக்க முடியாத கிடங்குக்குத் தள்ளியிருப்பீங்க. சிங்க் கிளேசியர் ஃபைலை எச்சரிக்கை மட்டும் கொடுத்துட்டுத் தாண்டிப் போயிடும். கொயட் அந்த எச்சரிக்கையையும் மறைச்சுடுச்சு.

உம்கேனி_கரை (8.50)
ஆமா அக்கா. கிளேசியர் ஃப்ளெக்சிபிள் ரிட்ரீவல்னு இருக்கு.

பெனோனி_அக்கா (9.08)
நல்லவேளை, டீப் ஆர்க்கைவ் இல்லை. அதில் ஸ்டாண்டர்டு வேக மீட்புக்கே 12 மணி நேரம் வரை, பல்க் 48 வரை. இதில் ஸ்டாண்டர்டு 3 முதல் 5 மணி, பல்க் 5 முதல் 12 மணி. பல்க்குக்கு மீட்புக் கட்டணம் கிடையாது. ஆனா உனக்கு நேரம்தான் முக்கியம், ஸ்டாண்டர்டே கேளு.

ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியா ரீஸ்டோர்-ஆப்ஜெக்ட் கோரிக்கை போகணும். பட்டியலை எடுத்து எஸ்3 பேட்ச் ஆபரேஷன்ஸில் கொடு, இல்லை ஸ்கிரிப்டில் சுற்றி விடு. நாள் எண்ணிக்கை 7 போடு. அந்தக் காலம் முடிஞ்சா தற்காலிக நகல் போயிடும், 1 போட்டுட்டு நடுவில் தவிக்காதே. ஹெட்-ஆப்ஜெக்ட் கேட்டா, ஆன்கோயிங்-ரிக்வெஸ்ட் ஃபால்ஸ்னு வரும்போது தயார்.

இங்கேதான் நிறைய பேர் மறுபடி விழுறாங்க: மீட்ட பிறகும் பட்டியலில் கிளாஸ் கிளேசியர்னேதான் காட்டும். அதனால சிங்க் திரும்பவும் தாண்டிப் போகும். --ஃபோர்ஸ்-கிளேசியர்-டிரான்ஸ்ஃபர் போடணும். கொயட் வேண்டாம். டர்பன் ஆபீஸ் லைனில் 47 ஜிபி இழுக்காதே. கேப் டவுன் ரீஜனிலேயே ஒரு இசி2 (அமேசானின் வாடகை சர்வர்) எழுப்பி அதில் எறக்கு, அதே ரீஜனுக்குள்ள டிரான்ஸ்ஃபர் கட்டணமும் இல்லை.

மேசைமலை (9.20)
இனிமேல் பேஸ் பேக்கப்பின்ர நகலொன்றை அயர்லாந்து ரீஜனிலயும் வையுங்கோ.

லெனேசியா_7 (9.26)
கூடவே கூடாது. பொப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுசா அமலில் இருக்கு. வாடிக்கையாளர் விவரம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியே போகக் கூடாது.

மேசைமலை (9.41)
72-ஆம் பிரிவு தடை போடேல்ல, நிபந்தனைதான் போடுது. வாங்குற இடத்தில அதுக்கு ஈடான பாதுகாப்பு சட்டத்தாலயோ ஒப்பந்தத்தாலயோ இருந்தால் அனுப்பலாம். சம்மதம் இருந்தாலும் அனுப்பலாம்.

லெனேசியா_7 (9.55)
ஒப்பந்தத்தை யார் படிச்சுப் பார்க்கிறாங்க? கேள்வி வந்தா பதில் சொல்ல வேண்டியது நாமதான், கிளவுட்காரன் இல்லை. கேப் டவுனுக்குள்ளேயே மூணு அவைலபிலிட்டி ஸோன் (தனித்தனி டேட்டா சென்டர்) இருக்கு, அது போதும்.

மேசைமலை (10.02)
ஸோன் மூண்டும் ஒரே ரீஜன். பிழையா ஒரு டெலீட் போனால் மூண்டிலயும்தான் போகும்.

பழைய_டிபிஏ (10.10)
இதைத் தனி இழையில் பேசுங்கள். தம்பி, டைம் ஸோனை யாரும் சொல்லவில்லை, கவனி. ரெகவரி_டார்கெட்_டைமில் (எந்த நேரம் வரை மீட்பது என்ற அமைப்பில்) +02 சேர்த்து எழுது. சர்வரின் நேரம் யூடிசியில் (நம்மைவிட 2 மணி பின்னால்) இருக்கும்போது, டெலீட்டுக்கு முந்தைய நேரத்தை நீ வெறுமனே 14:05 என்று கொடுத்தால், நம்ம நேரம் 16:05 வரை ஓட்டிவிடும். உன் டெலீட்டும் சேர்ந்து ஓடும். ரெகவரி.கான்ஃப் பற்றி நான் சொன்னது பழைய முறை, பெனோனி சொன்னதே சரி.

பெனோனி_அக்கா (10.16)
ரொம்பச் சரி அண்ணா. டார்கெட்_ஆக்‌ஷனை பாஸிலேயே (இலக்கில் நிறுத்தி வைக்கிறது) விடு தம்பி, ப்ரொமோட்டுக்கு (சர்வரை எழுதவும் திறந்துவிடுறது) மாற்றாதே. நின்ன இடத்தில் ரீட்-ஒன்லியா உள்ளே போய் எண்ணிக்கையைப் பார்க்கலாம். கொஞ்சம் முன்னாடியே நின்னிருந்தா நேரத்தைத் தள்ளி வச்சு ரீஸ்டார்ட் செய்யலாம். தாண்டிப் போயிருந்தா பேஸிலிருந்து திரும்ப ஆரம்பிக்கணும், அதனால விரிச்ச டைரக்டரிக்கு இப்பவே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வை.

வெள்ளிக்கிழமை மதிய ஃபைல் ஆர்க்கைவுக்கு வந்துடுச்சான்னும் பாரு. இல்லைன்னா பழைய சர்வரில் பிஜி_சுவிட்ச்_வால் ஓட்டு, நடப்பு ஃபைல் முடிஞ்சு ஆர்க்கைவுக்குப் போகும். இலக்கை எட்டுறதுக்கு முன்னாடி வால் தீர்ந்தா, பதிப்பு 13-லிருந்து ஃபேட்டல் எரரோட நின்னுடும்.

முழு டேட்டாபேஸையும் மாற்றாதே. அந்த டேபிளை மட்டும் பிஜி_டம்ப்பில் எடுத்து, ஓடுற சர்வரில் வேற பேரில் ஏற்றி, காணாமப் போன வரிகளை மட்டும் இன்செர்ட் செய். சனிக்கிழமை வந்த ஆர்டரும் தப்பும்.

லெனேசியா_7 (மாலை 5.40)
என்ன ஆச்சு?

உம்கேனி_கரை (ஞாயிறு, காலை 11.18)
2,984-ம் வந்துச்சு. 14:05+02-ல நின்னுச்சு, எண்ணிக்கை சரி. டேபிளை மட்டும் ஏத்திட்டேன். நன்றி அக்கா, அண்ணா.

பெனோனி_அக்கா (11.31)
லைஃப்சைக்கிள் ரூலில் எத்தனை நாள்னு மாத்தினே? மாசத்துக்கு ஒரு பேஸ்னா வாலை 35 நாளாவது கிளேசியருக்குத் தள்ளாம ஸ்டாண்டர்ட் ஸ்டோரேஜில் வைக்கணும். இல்லைன்னா வாரம் ஒரு பேஸ் எடுத்து 10 நாள் வை.