குழு ஊழியர் லாபியிஸ்ட் ஆக ஐந்து ஆண்டு தடை: வேண்டுமா, வேண்டாமா?

தூரப்பார்வை:
அமெரிக்க ராணுவத்துக்கு என்ன வேண்டும் என்று பாதுகாப்புத் துறையான பென்டகன் கேட்கிறது. என்ன கிடைக்கும் என்பது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் முடிவாகிறது. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவர்கள் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள் அல்லர். ஆயுதப்படைக் குழுக்களிலும் ஒதுக்கீட்டுத் துணைக்குழுக்களிலும் வேலை பார்க்கும் ஊழியர்கள்.

பட்ஜெட் கோரிக்கை வந்து சேர்ந்ததும் லாபியிஸ்டுகள், அதாவது நிறுவனங்களுக்காகக் காசு வாங்கிக்கொண்டு காங்கிரஸில் ஆதரவு திரட்டுபவர்கள், அவர்களைத் தேடி வரத் தொடங்குகிறார்கள். எந்தச் செலவினத்தில் எத்தனை கோடி கூட்ட வேண்டும், குழு அறிக்கையில் என்ன வாசகம் வர வேண்டும் என்று எழுதியே கொண்டு வருவார்கள். மசோதாவோடு வரும் நிதி அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரு பத்தியில் பென்டகன் கேட்ட தொகை, பக்கத்துப் பத்தியில் குழு தந்த தொகை. இரண்டும் வேறாக இருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். யார் கேட்டு மாற்றினார் என்பது அங்கே இருக்காது.

பால் மாக்லியோகெட்டி இதற்கு நல்ல உதாரணம். பிரதிநிதிகள் சபையின் ராணுவ ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் ஊழியராக இருந்தவர். வெளியே வந்து பிஎம்ஏ என்ற லாபி நிறுவனம் தொடங்கினார். அதே துணைக்குழுவின் தலைவராக இருந்த ஜான் முர்தாவுக்கு நெருக்கமானவர். வாடிக்கையாளர்களுக்குச் சிறப்பு ஒதுக்கீடுகள் வந்து குவிந்தன. 2008-இல் எஃப்பிஐ சோதனை, 2009-இல் நிறுவனம் மூடல். உறவினர், நண்பர் பெயர்களில் சட்டவிரோதமாகத் தேர்தல் நன்கொடை கொடுத்த குற்றத்துக்கு 2011-இல் அவருக்கு 27 மாதச் சிறை.

இப்போதுள்ள விதி, உயர்நிலை ஊழியர் வேலையை விட்டபின் ஓராண்டு தன் பழைய இடத்தில் லாபி செய்யக் கூடாது என்கிறது. அதுவும் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியவர்களுக்குத்தான். இதை ஐந்து ஆண்டாக்கி, ராணுவக் குழு ஊழியர் எல்லோருக்கும் பொருந்தச் செய்ய வேண்டும். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மதியழகி:
நான் மறுக்கிறேன். ஊழியரை நீங்கள் ஓட்டையாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அவர்கள் காவல்.

ஈராக்கில் சாலையோரக் குண்டுகளில் வீரர்கள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. 2005 பிப்ரவரியில் களத்திலிருந்த மரைன் தளபதிகள் 1,169 எம்ராப் வண்டிகள் அவசரமாக வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். அடிப்பாகம் வி வடிவில் இருப்பதால் வெடிப்பின் வேகத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும் வண்டி. அந்தக் கோரிக்கை தலைமையகத்தில் தூங்கியது. மரைன் படையின் அறிவியல் ஆலோசகர் பிரான்ஸ் கெய்ல் அதை வெளியே கொண்டுவந்தபோது செனட்டர்களின் அலுவலகங்கள்தான் காது கொடுத்தன. 2007-இல் அப்போது செனட்டராக இருந்த ஜோ பைடன் கொண்டுவந்த திருத்தம் 150 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்க வைத்தது. பென்டகன் கேட்ட தொகைக்கு மேல் கூட்டிய பணம் அது. உங்கள் அட்டவணையில் இதுவும் 'யாரோ மாற்றியது' என்றுதான் தெரியும். ஆனால் அந்தப் பணம் உயிர்களைக் காப்பாற்றியது.

1941-இல் செனட்டர் ஹாரி ட்ரூமன் தலைமையில் ட்ரூமன் குழு தொடங்கியபோது செலவுக்குக் கொடுத்த தொகை வெறும் 15,000 டாலர். விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களை வைத்துக்கொண்டு போர்க்கால ஒப்பந்தங்களின் வீண்செலவை வெளியே இழுத்தது அந்தக் குழு. அப்படிப்பட்ட ஆட்கள் இந்த வேலைக்கு வர வேண்டுமா, வேண்டாமா? வெளியே போனால் ஐந்து ஆண்டு தொழில் இல்லை என்றால் எவர் வருவார்?

தூரப்பார்வை:
எம்ராப் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அங்கே ஊழியருக்குத் தகவல் எங்கிருந்து வந்தது? படைக்கு உள்ளே இருந்த ஒருவரிடமிருந்து. நான் கேட்பது, வாங்கினால் லாபம் பார்ப்பவரே தகவல் கொடுப்பவராகவும் இருக்கும் நேரத்தைப் பற்றி.

கணக்குப்பிள்ளை:
இருவரும் தொகுதியை மறந்துவிட்டீர்கள். லாபியிஸ்ட் கையில் இருக்கும் உண்மையான சரக்கு விருந்தும் நன்கொடையும் அல்ல, வரைபடம். எஃப்-22 போர் விமானத்துக்கு 44 மாநிலங்களில் பாகம் செய்கிறார்கள் என்று அதைத் தயாரித்த லாக்ஹீட் மார்ட்டின் சொல்லிவந்தது. ஒரு ஊழியர் முன் அந்த வரைபடத்தை விரித்து, உங்கள் தொகுதியில் இத்தனை பேருக்கு வேலை என்று காட்டினால் போதும். மீதியை வாக்காளர் பயம் பார்த்துக்கொள்ளும்.

2012-இல் ராணுவத் தலைமைத் தளபதி ரே ஒடியர்னோ காங்கிரஸ் முன் வந்து, ஏப்ராம்ஸ் டாங்கி மேம்பாட்டைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கலாம், இருப்பதே போதும் என்றார். காங்கிரஸ் கேட்கவில்லை. பணத்தைச் சேர்த்துக் கொடுத்தது. டாங்கி வேலை நடப்பது ஒஹையோ மாநிலத்து லைமா நகரில் உள்ள ஒரே ஆலையில். அதை மூடினால் தேர்ந்த வெல்டர்கள் சிதறிவிடுவார்கள், திரும்பத் திறக்கப் பெரும் செலவாகும் என்பது அவர்கள் வாதம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2022-இல் போலந்து 250 ஏப்ராம்ஸ் வாங்க ஒப்பந்தம் போட்டபோது அந்த ஆலை தேவைப்பட்டது.

தடை போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஊழியர் யாராக இருந்தாலும் லைமா தொகுதியின் உறுப்பினர் டாங்கிக்குத்தான் வாக்களிப்பார்.

நெய்தல்:
கணக்குப்பிள்ளை சார், அந்த வரைபடமும் தோற்றிருக்கிறதே. 2009-இல் செனட் ஆயுதப்படைக் குழு, 13-க்கு 11 என்ற கணக்கில், மேலும் ஏழு எஃப்-22 வாங்க 175 கோடி டாலரைச் சேர்த்தது. பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் வேண்டாம் என்றார், அதிபர் ஒபாமா ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்துவேன் என்று எச்சரித்தார். முழு செனட்டில் 58-க்கு 40 என்று அந்தப் பணம் நீக்கப்பட்டது. 44 மாநிலம் என்றால் 88 செனட்டர்கள். அப்படியும் 40 வாக்குதான். ஆக, மூடிய குழு அறையில் ஜெயித்தது, பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டிய இடத்தில் தோற்றது. தடையைவிட வெளிச்சத்துக்குத்தான் பலம் அதிகம் என்பேன்.

தூரப்பார்வை:
நெய்தல் சொன்னதை என்னால் தட்ட முடியவில்லை. ஆனால் வெளிச்சம் வரவே விடாமல் செய்த கதை ஒன்று இருக்கிறது. மதியழகி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2002 ஜனவரியில் கையெழுத்தான ராணுவ ஒதுக்கீட்டுச் சட்டத்தில் 8159 என்று ஒரு பிரிவு. விமானப்படை 100 போயிங் 767 விமானங்களை, வானில் மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவதற்காக, வாடகைக்கு எடுக்கலாம் என்றது. தனி விசாரணை இல்லை, தனி வாக்கெடுப்பு இல்லை. ஒரு பெரிய சட்டத்தின் வயிற்றுக்குள் ஒரு பிரிவு. வாடகை, வாங்குவதைவிட அதிகச் செலவு என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே 2003-இல் கணக்குப் போட்டுச் சொன்னது. விமானப்படையின் பக்கம் பேரம் பேசிய டார்லீன் ட்ரூயன் அதே நேரத்தில் போயிங்கில் தனக்கு வேலை பேசிக்கொண்டிருந்தார். பிரியும் பரிசாக விலையைக் கூட்டிக் கொடுத்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஒன்பது மாதச் சிறை. வேலை பேசிய போயிங் நிதித் தலைவருக்கு நான்கு மாதம். நிறுவனம் 61.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தது.

அடுத்த வேலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் மனிதர் என்ன ஆவார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

மதியழகி:
நீங்கள் சொன்ன கதையின் மறுபாதியை நான் சொல்கிறேன். அதை உடைத்தது யார்? செனட்டர் ஜான் மெக்கெயினும் அவருடைய ஊழியர்களும். போயிங்கிடமிருந்து ஆயிரக்கணக்கான பக்க மின்னஞ்சல்களை வாங்கி, வரி வரியாகப் படித்து, வெளியே போட்டார்கள். விமான விலை, வட்டி, வரவு செலவு விதி எல்லாம் தெரிந்தவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. ட்ரூயன் காங்கிரஸ் ஊழியரும் அல்லர், விமானப்படை அதிகாரி. உங்கள் தடை அவரைத் தொட்டிருக்காது.

எனக்கு வருத்தமெல்லாம் வேறு இடத்தில். 1995-இல் செலவைக் குறைக்கிறோம் என்று பிரதிநிதிகள் சபைக் குழு ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார்கள். காங்கிரஸுக்கு ஆலோசனை சொன்ன தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தையே மூடினார்கள். ஏவுகணைத் தடுப்பு வேலை செய்யுமா, செய்யாதா என்று யாருடைய பணமும் வாங்காமல் சொன்ன இடம் அது. அதை மூடிய பிறகு ஒரு இளம் ஊழியர் ரேடார் பற்றிச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்? ரேடார் விற்பவரை. லாபியிஸ்டுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது அந்த வெட்டுதான். அந்த அலுவலகத்தை மீண்டும் திறங்கள், சம்பளத்தைக் கூட்டுங்கள், அப்புறம் தடை பற்றிப் பேசலாம்.

கணக்குப்பிள்ளை:
அலுவலகத்தைத் திறப்பதற்கு நான் உடனே கை தூக்குவேன்.

தூரப்பார்வை:
நானும்தான். ஐந்து ஆண்டு என்பதை இரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் நெய்தல் சொன்ன வெளிச்சத்தைச் சட்டமாக்க வேண்டும். பென்டகன் கேட்காத தொகை அட்டவணையில் ஏறினால், அந்த வரிக்குப் பக்கத்திலேயே கேட்ட உறுப்பினர் பெயரும், அதற்காக அவர் அலுவலகத்தைச் சந்தித்தவர் பெயரும் வர வேண்டும்.

நெய்தல்:
சந்தித்தவர் எல்லோர் பெயருமா? கெய்ல் பெயர் வெளியே தெரிந்ததற்கே அவர் பட்ட பாடு போதும். 2010-இல் அவருடைய பாதுகாப்பு அனுமதியை நிறுத்தி வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தார்கள். உள்ளிருந்து உண்மை சொல்ல வருபவர் பெயரும் அட்டவணையில் ஏறும் என்றால், அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

தூரப்பார்வை:
அதை நான் யோசிக்கவில்லை. சரி, காசு வாங்கிக்கொண்டு வந்தவர் பெயர் மட்டும். நிறுவனமும் அதன் லாபியிஸ்டும். அரசு ஊழியர், வீரர் பெயர் கூடாது.

மதியழகி:
அப்படி எழுதினால் நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்ற ஜெனரல் ஒருவர் லாபியிஸ்டாகப் பதிவு செய்யாமல் 'ஆலோசகர்' என்று வந்து உட்கார்வார். 2006-இல் மட்டும் 52 ஒப்பந்த நிறுவனங்களில் பென்டகனின் முன்னாள் உயரதிகாரிகளும் கொள்முதல் அதிகாரிகளுமாக 2,435 பேர் வேலையில் இருந்ததை அரசுக் கணக்காய்வு அலுவலகம் எண்ணிச் சொன்னது. அவர்களை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?