நாஷுவாவில் கதவு தட்டியபோது ஒபாமாவைப் பற்றி நான் கேட்டது

2020 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரி, அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். அதற்கு முந்தைய இரண்டு வார இறுதியிலும் அந்த மாநிலத்து ஊரான நாஷுவாவில் பைடனுக்காக ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனேன். எனக்கு ஓட்டு கிடையாது. சம்பளம் வாங்காத தன்னார்வலராக இருக்கக் குடியுரிமை தேவையில்லை என்பதால் போக முடிந்தது.

போனதற்குக் காரணம் ஒபாமாதான், பைடன் அவருடைய துணை அதிபராக இருந்தவர். ஹெச்1பி வேலை விசாவில் இருந்த கணவரோடு, மனைவிக்குத் தரும் ஹெச்4 விசாவில் வந்து நான்கு வருடம் வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்தவள் நான். 2015 மே 26 அன்று அவர் அரசின் புது விதி அமலுக்கு வந்தது, கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகியிருந்ததால் எனக்கும் ஈஏடி கார்டு, அதாவது வேலை செய்யும் அனுமதி, கிடைத்தது. முதல் சம்பளம் ஏறிய அன்று ராத்திரி பேங்க் ஆப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்த எட்டு வருட ஆட்சியை, அதுவும் சொந்தக் கட்சிக்காரர்களே குறை சொன்னால், எனக்குச் சுருக்கென்று இருக்கும். 2019 ஜூலை 31 அன்று டெட்ராய்டில் நடந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் விவாதத்தில் பைடன் பேசும்போது கூட்டத்திலிருந்து "முப்பது லட்சம் பேரை நாடு கடத்தினீர்களே" என்று கத்தினார்கள், கோபத்தில் டிவியை அணைத்துவிட்டேன்.

நாஷுவாவில் முதலில் ஒரு பிளம்பர் வீடு. சொந்தத் தொழில், கணவன் மனைவி இரண்டே பேர். ஒபாமா கேர் (ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) என்று நான் ஆரம்பித்ததும் ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காப்பீட்டு பில்லை எடுத்து வந்து காட்டினார். இரண்டு பேர் குடும்பத்துக்கு வருட வருமானம் சுமார் 67,600 டாலரைத் தாண்டினால் அப்போது காப்பீட்டுக்கான அரசு மானியம் ஒரு டாலர்கூட வராது, அவர் கொஞ்சம்தான் தாண்டியிருந்தார். "கார்டு இருக்கிறது, டிடக்டிபிளை நினைத்தால் டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறது" என்றார். டிடக்டிபிள் என்பது காப்பீடு கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை. பைடனின் போட்டியாளரான சாண்டர்ஸுக்குத்தான் ஓட்டு என்றும் சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் ட்ரீ ஸ்ட்ரீட்ஸ் பக்கம் ஒரு மாடி வீடு. நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கதவைப் பாதிதான் திறந்தார், இடுக்கு வழியாக ஒரு சின்னப் பையன் என் ஷூவில் இருந்த பனியையே பார்த்துக்கொண்டிருந்தான். 2012-இல் அவருடைய கணவரை லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதாகப் போலீஸ் பிடித்திருக்கிறது. உள்ளூர் ஸ்டேஷனில் எடுத்த கைரேகை நேராகக் குடிவரவுத் துறைக்குப் போகும் செக்யூர் கம்யூனிட்டீஸ் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நிதியாண்டில் மட்டும் 4 லட்சம் பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டார்கள், அதில் அந்தக் கணவரும் ஒருவர்.

நான் டாக்காவை (DACA) பற்றிச் சொன்னேன், ஆவணமில்லாத சிலரை நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் அந்தத் திட்டம் 2012-இல்தானே வந்தது என்று. "அது சின்ன வயதில் வந்த பிள்ளைகளுக்கு. என் கணவருக்கு அப்போது 37" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "என் மெடிகெய்ட் கார்டும் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஒபாமா காலத்தில் வந்ததுதான். என் கணவரை அனுப்பியதும் அதே ஒபாமா காலத்தில்தான். உன் பேப்பரில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. கையிலிருந்த பிரசார நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நாடு கடத்தல் பற்றி ஒரு வரிகூட இல்லை. டெட்ராய்டில் கத்தியவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் அந்தப் படியிலேயே போய்விட்டது. ஒபாமாவால் எனக்குக் கிடைத்தது என் வீட்டுக்கு வந்த நன்மை, அதைக் காட்டி அந்த அம்மா வீட்டு இழப்பை நான் எப்படிச் சரிக்கட்ட முடியும்?

பைடன் அங்கே ஐந்தாவது இடம்தான் வந்தார். சில நாள் கழித்து, நெவாடா காக்கஸுக்கு (அங்கே கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) முன்னால் ஒரு பேட்டியில், அந்த நாடு கடத்தல்கள் பெரிய தவறு, சரிசெய்ய ரொம்பக் காலம் எடுத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டார். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அழுகையே வந்தது. நான் திரும்பப் போய் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும், போகவில்லை.

நெவாடாவிலோ தென் கரோலினாவிலோ அந்த வருடம் இப்படி வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்தக் கேள்வி வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?