புதுப்பிப்பு: ஆறு தடவை இப்போ ரெண்டு தடவை

14 மாசப் பையன் ராத்திரி ஆறு தடவை எழுந்து அழறான்னு போன மாசம் புலம்பியிருந்தேன்ல, அதோட மீதி.

கிருஷ்ணகிரி டாக்டரம்மா பார்த்துட்டு, பசியில்ல, பழக்கம்னாங்க. பால் குடிச்சே தூங்கினவனுக்கு, நடுவுல முழிப்பு வந்தா தானா தூங்கத் தெரியல. இந்த வயசுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11-14 மணி நேரம்தானாம். இவன் சாயங்காலம் ஆறு வரைக்கும் தூங்குவான்! இப்போ மூணரைக்கே எழுப்பிடறோம். பாலை முன்னாடியே கொடுத்துட்டு, அரைத்தூக்கத்துல பாய்ல போட்டு முதுகைத் தட்டறேன். முதல் நாலு ராத்திரி நரகம்.

தூளியை அவுத்ததுல அத்தைக்குக் கோபம். மிளகாய் சுத்திப் போட்டதாலதான் சரியாச்சுங்கறது அவங்க கட்சி. இருக்கட்டும்.

நேத்து ரெண்டு மணிக்கு முழிச்சவன், என் வளையலைத் தடவிப் பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துட்டான். ஆனா அவங்கப்பா ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்குக் கதவு திறக்கற சத்தத்துக்கு, நாலரைக்கு டான்னு எழுந்துடறான். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருக்கோம்.