காசல்ரீயில் நாள் முழுக்க ட்ரோலிங்: ட்ரவுட் ஏன் கடிக்கவில்லை?

நோர்வூட் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு நாங்கள் நாலு பள்ளிக்கூடக் கூட்டாளிகள் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ட்ரவுட் பிடிக்கப் போனோம். ஒருவன் நியூசிலாந்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். அங்கே ஏரியில் போட்டுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய்ப் பிடிப்பானாம், அதுதான் ட்ரோலிங். அவன் கொண்டுவந்த இரண்டு தடி, இரண்டு பித்தளை ஸ்பூன் (சின்ன மீன் மாதிரி மினுங்கி ஆடுகிற, கொக்கி வைத்த தகடு), அவ்வளவுதான் சாமான்.

ஒன்பது மணிக்குத்தான் ஏறினோம். முப்பது மீற்றர் தங்கூசி விட்டு, ஆள் மாற்றி ஆள் துடுப்பு வலித்தோம். பதினொரு மணிக்குத் தடி வளைந்தது. கத்திக்கொண்டே சுற்றினால், வந்தது ஒரு தேயிலைச் செடியின் வேர். கறுத்து, வழுவழுவென்று, ஸ்பூனைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. 1965இல் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன மலையில் நட்டதாகத்தான் இருக்கும். எங்களில் ஒருவனுடைய தாத்தா அங்கேதான் வேலை செய்தவர். அவன் அதை வீசவில்லை, பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டு மணிக்கு நிஜமாகவே ஒன்று கடித்தது. போட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு திரும்பல், தங்கூசி தொய்ந்துவிட்டது. சுற்றிப் பார்த்தால் டெலிபோன் வயர் மாதிரி முறுக்கு. எங்கே பிழைவிட்டோம்? அங்கே ட்ரவுட் இருக்கிறதா?

நானுஓயா பெரியவர்:
தம்பி, ட்ரவுட் நம்ம மலையில் பிறந்த மீன் இல்லை. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து, பொரிக்க வைத்து நுவரெலியாப் பக்கம் விட்டார்கள். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில், சரளைக்கல்லில்தான் அது முட்டையிடும். தண்ணீர் 20 பாகையைத் தாண்டினால் இரை எடுப்பது குறையும், 25 என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்தது. காசல்ரீயில் நான் முப்பது வருஷமாகத் தூண்டில் போடுகிறேன். கார்ப், திலாப்பியா எவ்வளவோ எடுத்தேன், ட்ரவுட் ஒன்றுகூட இல்லை. உங்களிடமிருந்து தப்பியது எது என்று கண்ணால் பார்க்காமல் சொல்லமாட்டேன்.

ஆனால் இழுத்த முறையில் பிழை இருக்கிறது. வெயில் ஏறினால் மீன் கீழே குளிருக்குப் போகும், உங்கள் ஸ்பூன் மேலேயே ஓடியிருக்கும். விடியும்போதே தண்ணீரில் இருங்கள். மனுசன் ஆறுதலாக நடக்கிற வேகம் போதும், மணிக்கு மூன்று கிலோமீற்றர். ஸ்பூன் வேலை செய்தால் தடி நுனி துடித்துக்கொண்டே இருக்கும், அதையே பாருங்கள். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போங்கள். திரும்பும்போது உள்பக்கத் தூண்டில் தாழும், வெளிப்பக்கத்தது வேகம் எடுத்து எழும்பும். எதில் கடிக்கிறதோ அந்த ஆழத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெசல்கமு ஓயா வந்து விழுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள்.

அட்டன் அக்கா:
முறுக்குக்குக் காரணம் ஸ்விவல், அதாவது தங்கூசி முறுக்காமல் தானே சுழலுகிற சின்ன இணைப்பு, போடாதது. ஸ்பூனுக்கு ஒரு முழம் முன்னால் ஒன்று கட்டுங்கள். அப்புறம், லைஃப் ஜாக்கெட் இருந்ததா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லையே. அந்தத் தண்ணீர் கரையிலிருந்தே ஆழம், மழை பெய்தால் மட்டம் சட்டென்று ஏறும்.

நோர்வூட் தம்பி:
ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. ஜாக்கெட் இரண்டுதான் இருந்தது, நாலு பேருக்கும் எடுத்துக்கொண்டுதான் இனி ஏறுவோம். நியூசிலாந்துக் கூட்டாளி திரும்பிப்போக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வருகிற சனி காலை ஐந்தரைக்கு ஓயா வாயில் நிற்போம். கார்ப் கிடைத்தாலும் எங்களுக்குச் சந்தோசம்தான்.